மரச்சட்டச் சுவர் சொந்தக் கையால்: எழுவான்கரையில் கட்டும் முறையும் வாங்க வேண்டிய கருவிகளும்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: வீட்டுக்குப் பின்னால் 16 அடிக்கு 12 அடியில் அம்மாவுக்கு ஓர் அறை வேண்டும், கல்லும் சீமெந்தும் விற்கும் விலைக்குக் கட்டுப்படியாகவில்லை, வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவது போல மரச்சட்டத்தில் சுவர் எழுப்பி, சனி ஞாயிறில் நீங்களே கட்டலாமா, அதற்கு என்னென்ன கருவி வாங்க வேண்டும்? வீடு எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில், களுவாஞ்சிகுடியில், கடலுக்குக் கிட்ட என்றும் எழுதியிருந்தீர்கள்.

கட்டலாம். மாடி இல்லாமல், சீற் கூரையோடு ஓர் அறை என்றால் கருக்கான ஓர் ஆள், உதவிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைதான். நான் ஊரில் ஓடாவி வேலை பழகி, பிறகு அவுஸ்திரேலியாவில் இந்த பிரேம் வேலையையே செய்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வீடியோவில் காட்டும் முறை சரி, ஆனால் அது அந்த நாட்டு மரத்துக்கும் அந்த நாட்டுக் காற்றுக்கும் கணக்குப் பார்த்த முறை. எழுவான்கரையில் மூன்று விசயம் கூட இருக்கிறது. கறையான், உப்புக்காற்று, சூறாவளி. இந்த மூன்றுமே சுவரின் நடுவைத் தாக்குவதில்லை. இணைப்பைத்தான் தாக்கும். அதனால் உங்கள் காசையும் கவனத்தையும் இணைப்புகளில் போடுங்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி வீட்டில் பெரியாக்களைக் கேளுங்கள். பெரும்பாலும் கூரை போன கதையைத்தான் சொல்வார்கள். காற்று கூரையைத் தள்ளுவதை விட மேலே தூக்குவதுதான் அதிகம். கல் சுவர் தன் பாரத்தாலேயே ஓரளவு நிற்கும். மரச்சட்டச் சுவருக்கு அந்தப் பாரம் இல்லை. அதனால் சீற்றை அதை அடிக்கும் குறுக்குச் சட்டமான சிலாகையோடும், சிலாகையைக் கூரையின் சாய்வு மரமான கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் மேற்சட்டத்தோடும், மேற்சட்டத்தைக் குத்துச்சட்டத்தோடும், அதைக் கீழ்ச்சட்டத்தோடும், கீழ்ச்சட்டத்தை அத்திவாரத்தோடும் இழுத்துக் கட்ட வேண்டும். இதில் ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் காற்று அந்த இடத்தில்தான் பிரிக்கும்.

கீழே இருந்து தொடங்குவோம். அத்திவாரத்தை மேசனிடம் கொடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தரை மட்டம் முற்றத்தை விட ஒன்றரை அடியாவது உயர வேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை வந்தது என்று அயலாரைக் கேட்டு, அதற்கும் மேலே போவது இன்னும் நல்லது. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வயல் மண்ணில் கட்டுபவர்களுக்கு அத்திவாரக் கணக்கே வேறு. உங்கள் மணல் மண்ணில் அந்தத் தொல்லை குறைவு. மேசன் அத்திவாரத்துக்கு மேலே, ஈரம் ஏறாமல் தடுக்க, டி.பி.சி. என்று கொங்கிறீற் பட்டி போடுவார் அல்லவா, அது ஈரமாக இருக்கும்போதே போல்ட்டுகளைப் பதிக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் தடிப்பு, அடி வளைந்த போல்ட், கொங்கிறீற்றுக்குள் 7 அங்குலம். நான்கு அடிக்கு ஒன்று, ஒவ்வொரு மூலையிலும் கதவு ஓரத்திலும் ஓர் அடிக்குள் ஒன்று. கதவு வரும் இடத்தின் நடுவில் போல்ட் நிற்காதபடி, கொங்கிறீற் போடும் நாளில் நீங்களும் கிட்ட நின்று அளவு காட்டுங்கள். பிறகு துளைத்துப் பதிக்கலாம் என்று மேசன் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். கொங்கிறீற் பட்டி இல்லாமல் வெறும் கல் கட்டில் பதித்த போல்ட் காற்றுக்குக் கல்லோடு சேர்ந்து கழன்று வரும்.

வெள்ளத்துக்குப் பயந்து மூன்று அடி கல் சுவர் கட்டி, அதற்கு மேலே மரம் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பார்க்க நல்ல யோசனைதான். ஆனால் கல்லும் மரமும் சேரும் அந்த மூன்றடி உயரத்தில் சுவர் பிணைச்சல் வைத்தது போல மடங்கப் பார்க்கும். அப்படிச் செய்வதென்றால் மூலைகளில் கம்பி வைத்த கொங்கிறீற் தூண் வேண்டும், அரைச்சுவரின் தலையில் கம்பி வைத்த பட்டி வேண்டும், போல்ட் அந்தப் பட்டியில் இருக்க வேண்டும். அந்தச் செலவுக்குத் தரையையே உயர்த்திவிடலாம்.

கறையானுக்கு மருந்து அடிப்பார்கள், அடிக்கட்டும். அதை விட முக்கியம், அது ஏறுவது உங்கள் கண்ணில் பட வேண்டும். கொங்கிறீற்றின் வெளி விளிம்பு ஆறு அங்குலமாவது வெறுமையாகத் தெரிய வேண்டும்; மண்ணையோ பூந்தொட்டியையோ விறகையோ அதில் சாத்த வேண்டாம். கீழ்ச்சட்டத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் தடித்த பொலித்தீன் விரித்து, அதன் மேல் இரண்டு பக்கமும் வெளியே நீட்டி வளைத்த தகரம் ஒன்று வைத்தால், கறையான் மண்குழாய் கட்டி அந்தத் தகரத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். சுனாமிக்குப் பிறகு மரம் வைத்துக் கட்டிய தற்காலிக வீடுகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். மேலே மரம் புதிதுபோல இருக்க, மண்ணைத் தொட்ட காலடிதான் முதலில் உக்கியது.

மரம். வீடியோவில் "இரண்டுக்கு நாலு" என்று சொல்வது உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். அது காய்ந்த, சீவிய பைன் மரம். நம் மரக்காலையில் நாலுக்கு இரண்டு கேட்டால் வாள் பட்டபடியே கிட்டத்தட்ட முழு அளவில், பெரும்பாலும் பச்சையாகத் தருவார்கள். அதனால் வீடியோவில் சொல்லும் வெட்டு அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம். உங்கள் கையில் உள்ள மரத்தை அளந்து அதில் இருந்து கணக்குப் போடுங்கள்.

முதிரையும் பாலையும் கறையானுக்குத் தாக்குப்பிடிக்கும், ஆனால் முழுச் சுவருக்கும் அது வேண்டாம். காசு ஒரு காரணம், பாரம் இன்னொரு காரணம். 16 அடி நீளம், 8 அடி உயரச் சுவர் ஒன்றை நாலுக்கு இரண்டு முதிரையில் அடித்தால் சட்டம் மட்டும் 200 கிலோவைத் தாண்டும். பைனில் கிட்டத்தட்ட அதில் பாதிதான் வரும். மூன்று பேர் தூக்கி நிறுத்தும் சுவர் எது என்று நீங்களே பாருங்கள். நான் செய்வதானால் கீழ்ச்சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் முதிரை, மற்றதெல்லாம் அழுத்த முறையில் மருந்தேற்றிய பைன். மருந்தேற்றிய மரத்தை வெட்டினால் வெட்டு முகத்தில் மருந்து இருக்காது, அந்த முனைக்கு மட்டும் திரும்பவும் பூச வேண்டும். போரக்ஸ் வகை மருந்து உள்ளே நனையாத இடத்துக்கு நல்லது, மழை பட்டால் கரைந்து போய்விடும். கழிவு ஒயில் பூசும் பழக்கத்தை வேலிக் கம்போடு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா படுக்கும் அறைக்கு அது வேண்டவே வேண்டாம். மணம் போகாது, பெயின்ற் பிடிக்காது, நெருப்புக்கும் வசதி.

பனை மரம் கைமரத்துக்கு அருமையான சாமான், ஆனால் கறுத்து வைரம் பாய்ந்த வெளிப்பகுதி மட்டும்தான். சொந்த வளவில் நிற்கும் மரத்தை வெட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு விசயம்: பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் தறிப்பதை 1951ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. மரம் ஏற்றி வருவதற்கும் பத்திரம் வேண்டியிருக்கும். மரக்காலைப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிரதேச சபை அனுமதி எப்படியும் எடுக்க வேண்டும். உங்கள் வளவு கடலின் உயர்நீர்க் கோட்டில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோர வலயத்துக்குள் வரும். அதற்கும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இனிச் சுவர். கீழ்ச்சட்டம் ஒன்று, மேற்சட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, நடுவில் 16 அங்குலத்துக்கு ஒன்றாகக் குத்துச்சட்டங்கள். ஏன் 16? பலகை 8 அடிக்கு 4 அடியில் வருகிறது. 48 அங்குலத்தை 16 சரியாக மூன்றாகப் பிரிக்கும். இரண்டு பலகைகள் சந்திக்கும் கோடு ஒரு சட்டத்தின் நடுவில் விழ வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இது, நிதானமாகப் பாருங்கள். கீழ்ச்சட்டத்தையும் மேற்சட்டத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்க வையுங்கள். அளவு ரேப்பை ஒரு முனையில் மாட்டுங்கள். முதல் கோடு 16இல் போடக் கூடாது. உங்கள் சட்டம் 2 அங்குலத் தடிப்பு என்றால் அதில் பாதியைக் கழித்து 15இல் போடுங்கள். அடுத்தது 31, அதற்கடுத்தது 47. ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கம் ஒரு பெருக்கல் குறி இடுங்கள், சட்டம் அந்தக் குறியின் மேல் வரும். இப்போது மூன்றாவது சட்டம் 47இல் தொடங்கி 49இல் முடியும். பலகை விளிம்பு 48இல், சட்டத்தின் நடுவில் விழும். இரண்டு சட்டத்துக்கும் கோட்டை ஒரே தடவையில் சேர்த்து இழுத்தால் மேலும் கீழும் பிசகாது. 16 அடிச் சுவருக்கு இப்படி 13 சட்டம், மூலைக்கும் கதவு யன்னலுக்கும் தனியே.

யன்னலுக்கு மேலே பாரம் தாங்க, ஆறுக்கு இரண்டு மரம் இரண்டை விளிம்பில் நிறுத்திச் சேர்த்து வையுங்கள். 4 அடி யன்னலுக்கு, சீற் கூரை என்றால் போதும். அது ஆணியில் தொங்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு குட்டைச் சட்டத்தின் தலையில் உட்கார வேண்டும்.

மூலைவிட்டத்தை யாரும் மறக்க வேண்டாம். நாலு சிலாகைத் துண்டை நாலு ஆணியில் சதுரமாக அடித்து, ஒரு மூலையில் தள்ளிப் பாருங்கள், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு துண்டை மூலைக்கு மூலை அடியுங்கள், பிறகு அசையாது. சுவருக்கும் அதுவேதான். ஒவ்வொரு சுவரின் இரண்டு மூலையிலும் வெளிப்பாவனைக்குரிய 12 மில்லிமீற்றர் பிளைவூட் முழுப் பலகை ஒன்று, விளிம்பு நெடுக 6 அங்குலத்துக்கு ஓர் ஆணி, நடுவில் 12 அங்குலத்துக்கு ஒன்று. மிச்ச இடத்துக்குச் சீமெந்து நார்ப் பலகை போடலாம். பிளைவூட்டுக்குக் காசு இல்லை என்றால் மேற்சட்டத்தில் இருந்து கீழ்ச்சட்டம் வரை சாய்வாக ஒரு சட்டத்தைப் பள்ளம் வெட்டி இறக்குங்கள், ஒரு மூலையில் வலப்பக்கம் சாய்ந்தால் மறு மூலையில் இடப்பக்கம்.

உங்கள் அறை அளவுக்கு ஒரு வசதி இருக்கிறது. 12க்கு 16 என்றால் மூலைக்கு மூலை சரியாக 20 அடி வர வேண்டும். நூல் கட்டும்போது இரண்டு மூலைவிட்டமும் 20 என்றால் நாலு மூலையும் செங்கோணம். சுவரைத் தரையில் படுக்க வைத்து அடித்த பிறகும் அதே பரீட்சைதான், அந்தச் சுவரின் இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக வர வேண்டும். வந்த பிறகுதான் பிளைவூட்டை அடிக்க வேண்டும். நீளச் சுவரை எட்டு எட்டு அடியாக இரண்டு துண்டாகச் செய்தால் தூக்குவது இலகு. தூக்குவதற்கு முன்பே தற்காலிகத் தாங்கு சட்டங்களை ஒரு ஆணியில் மாட்டி ஆயத்தமாக வையுங்கள். தாங்கு அடிக்கும் வரை ஒருவரும் கையை எடுக்கக் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் பின்னேரத்தில் சுவர் நிறுத்த வேண்டாம், காலையில் செய்யுங்கள்.

ஆணிக்கு வருவோம். 2 அங்குலச் சட்டத்தை ஊடுருவி அடுத்த மரத்துக்குள் 2 அங்குலம் போக 4 அங்குல ஆணி வேண்டும், ஒவ்வொரு முனைக்கும் இரண்டு. சட்டத்தின் தலைமுகத்தில் இறங்கும் ஆணி, பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும், மேல் இழுப்பைத் தாங்காது. அங்கேதான் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புப் பட்டி வருகிறது. கைமரத்தின் மேலால் வளைத்து, இரண்டு பக்கமும் குத்துச்சட்டத்தில் இறக்கி, பக்கத்துக்கு நாலு ஆணியாவது. அதற்காகத்தான் கைமரம் ஒவ்வொன்றும் ஒரு குத்துச்சட்டத்துக்கு நேர் மேலே வர வேண்டும் என்பது. கட்டுக்கம்பி சுற்றுவது இதற்கு ஈடாகாது. ஆணி, போல்ட், பட்டி எல்லாமே உருக்கிய நாகத்தில் தோய்த்தவையாக இருக்கட்டும். பளபளவென்று மெல்லிய பூச்சு உள்ளவை உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்புத் திருகாணியைச் சட்டம் இணைக்கப் பாவிக்க வேண்டாம். ஆணி பாரத்துக்கு வளையும், அது படக்கென்று முறியும்.

சரி, கருவிகள். உங்கள் பட்டியலில் முதலாவதாக ஆணித் துப்பாக்கியும் கொம்பிரசரும் இருந்தன. இரண்டையும் வெட்டிவிடுங்கள். ஓர் அறைக்குச் சுத்தியல் போதும். முதல் காசு அளவுக் கருவிக்குப் போக வேண்டும், ஏனென்றால் அளவு பிசகினால் பிறகு எந்த மெஷினாலும் திருத்த முடியாது. நல்ல 5 மீற்றர் ரேப் ஒன்று. உதவியாளிடமும் அதே வகை ஒன்று, இரண்டையும் ஒரே மரத்தில் வைத்து ஒன்றாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மூலைமட்டம், தூக்குக்குண்டு, நூல், நேர்கோடு அடிக்கும் சோக்கு நூல், 4 அடி மட்டப்பலகை. தரை மட்டம் பார்க்க லேசர் வேண்டாம். தண்ணீர் நிரப்பிய தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும், மேசன்மார் இன்றும் அதில்தான் பார்க்கிறார்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மட்டப்பலகை வாங்கும்போது கடையிலேயே சுவரில் வைத்துக் குமிழைப் பாருங்கள், பிறகு அதே இடத்தில் முனை மாற்றி வையுங்கள். குமிழ் இரண்டு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் வாங்கலாம்.

அடுத்தது வெட்டுவது. ஏழேகால் அங்குல வட்டவாள் மெஷின், 24 பல்லுக் கார்பைட் தகட்டோடு. பிராண்டுக்கு அள்ளிக் கொடுப்பதை விட, தகடு ஒன்று மேலதிகமாக வாங்குங்கள். பாலையும் முதிரையும் தகட்டைச் சீக்கிரம் மழுக்கும், மழுங்கிய தகடுதான் மரத்தைப் பிடித்துப் பின்னால் எறியும். தகடு மரத்துக்குக் கீழே கால் அங்குலம் மட்டும் தெரியும்படி ஆழத்தை வையுங்கள். வெட்டும் துண்டு தானாகக் கீழே விழ விடுங்கள். இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்து நடுவில் வெட்டினால் வெட்டு மூடித் தகட்டைக் கவ்வும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிரைண்டரில் மரம் வெட்டும் பல்லுத் தகட்டைப் பூட்ட வேண்டாம். நம் பகுதியில் நிறையப் பேர் செய்கிறார்கள், "கவனமாகப் பிடித்தால் ஒன்றும் நடக்காது" என்கிறார்கள். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். பல மரத் தகடுகள் அந்த வேகத்துக்கு உரியவை அல்ல. காவல் மூடியும் மரவேலைக்கு ஏற்றதல்ல. பல் ஒரு கணுவில் மாட்டினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும், சுற்றுவது உடனே நிற்காது. விரலும் தொடையும் கிழிந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். கிரைண்டர் இரும்புக்கு. மரத்துக்கு வட்டவாள், அல்லது கைவாள்.

பற்றரி ட்ரில் 18 வோல்ட், பற்றரி இரண்டு. பிறகு வாங்கும் சாமானும் அதே பற்றரி ஏறும் வகையாக இருக்கட்டும். இங்கத்தைய வைர மரத்துக்கு ட்ரில் கட்டாயம். துளைக்காமல் அடித்தால் ஆணி வளையும் அல்லது முனை பிளக்கும். ஆணித் தடிப்பை விடச் சற்றுக் குறைந்த பிட்டால் துளைத்துவிட்டு அடியுங்கள். அப்புறம் நல்ல சுத்தியல், இரண்டு உளி, ஒரு சீவுளி, கடப்பாரை, கிளாம்ப் நாலு, கண்ணாடி, காதடைப்பு. ஏணியையும் சாரத்தையும் வாடகைக்கு எடுங்கள். மேசனிடம் கொங்கிறீற் மிக்சர் இருந்தால் அதையும் அவரே கொண்டுவரட்டும்.

மின்சாரம் இழுக்கும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பாவிக்க வேண்டும். சுருட்டியபடி வட்டவாள் ஓட்டினால் வயர் சூடேறும். வீட்டு ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்த பிறகே ஈர முற்றத்தில் மெஷின் பிடியுங்கள். சுவருக்குள் போகும் வயரிங்கை எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள், குழாய்க்குள்தான் போக வேண்டும், எலி கடிக்கும்.

காலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும், அதாவது செப்டெம்பர் முடிவுக்குள். பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் மரம் பங்குனி சித்திரையிலேயே வளவுக்கு வந்துவிட வேண்டும். வெயிலில் போட வேண்டாம், வளையும். நிழலில், நிலத்தில் படாமல், அடுக்குக்கு அடுக்கு ஒரு சிலாகைத் துண்டு வைத்துக் காற்றுப் போகவிட்டு அடுக்குங்கள். மேலே ஒரு தகரமும் கனமும் வையுங்கள். காயக் காய மரம் சுருங்கும். எவ்வளவு காய வைத்தாலும் சுவரில் ஏறிய பிறகும் கொஞ்சம் சுருங்கும். அப்போது போல்ட் நட்டுகள் தளரும். அதனால் உள்பக்கப் பலகையில் போல்ட் உள்ள இடங்களை மூடி அடைக்காமல், கழற்றக்கூடிய ஒரு பலகைப் பட்டையால் மட்டும் மறையுங்கள். அடுத்த கோடையில் அதைக் கழற்றி, பெரிய வோஷர் போட்ட நட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இறுக்குங்கள். கொங்கிறீற் பட்டியை மேசனோடு கதைக்கும்போதே போல்ட் மேலே எவ்வளவு நீட்ட வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும்: கீழ்ச்சட்டம் 2 அங்குலம், வோஷரும் நட்டும், இறுக்குவதற்கு இன்னும் ஓர் அங்குலம் மரை.